ஆறுக்கு நாலு

ஆறடிக்கு நாலடி.
மஞ்சள் பின்னணி, பச்சை எழுத்து.
தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
புதிதாய்த் திறக்கும் ஜூஸ் கடைக்கு ஃபிளெக்ஸ்.
மாம்பழத்தின் பயன்கள் பத்து வேண்டுமாம்.
"பத்து இருக்குங்களா?" என்றேன்.
"இருக்கறதப் போடுங்க,
மிச்சத்த ரோசனை பண்ணிக்கலாம்" என்றார்
செங்கோட்டுவேலு.

கண்ணுக்கு நல்லது. அடித்தேன்.
நாவறட்சி தீரும். இந்தச் சித்திரையில் அதை
யாரும் மறுக்க மாட்டார்கள்.
நார்ச்சத்து, குடல் இளகும்.
குடலைக் கடைவாசலில் தொங்கவிடலாமா?
வயிறு என்று மாற்றினேன்.
தோல் மினுங்கும்.
கீரையில் இருக்கும் இரும்பை
உடம்பில் சேர்க்கும்.
அந்த வரியில் சற்று நின்றேன்.
போன மாதம் ரத்தம் கொடுக்கப் போய்
எட்டரைதான் இருக்கிறது, போம்மா
என்று திருப்பி அனுப்பப்பட்டவள் நான்.

ஐந்தோடு நின்றது.
மத்தியானம் முழுக்க போன்.
"ஆயுசு கூடும்னு ஒன்னு?"
வேண்டாங்க.
"ஆம்பளைகளுக்கு..." இழுத்தார்.
அதுவும் வேண்டாங்க.
"சக்கரைக்காரங்களும் சாப்புடலாம்னு?"

அம்மாவுக்கு டாக்டர் சொன்னது
ஒரு கதுப்பு, அதுவும் எப்போதாவது.
அந்த ஒன்றை நாக்கிலேயே கரைத்தபின்
"கொட்டை கணக்குல வருமா, அம்மிணி?"
என்று கேட்பாள்.
கேட்டுக்கொண்டே சப்புவாள்.
மறுநாள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்
வந்தது வந்தது என்று சொல்லும்.

"அளவாச் சாப்பிடலாம்னு போடறனுங்க."
"அளவான்னா எவன் வாங்குவான்?"
வைத்துவிட்டார்.

சாயங்காலம் நேரிலேயே வந்தார்,
கையில் கனத்த மஞ்சப்பை.
திரையைப் பார்த்து,
"இது நம்மூர்ப் பழமில்லீங்களே."
இல்லைதான். எங்கிருந்தோ இறக்கிய படம்.
பொன்னிறம், இலை ஒன்று, மேலே பனித்துளி.
கீபோர்டுக்குப் பக்கத்தில்
வைக்கோல் ஒட்டிய செந்தூரத்தை வைத்தார்.
தோள் மட்டும் சிவந்து,
காம்படியில் பால் காய்ந்த கறையோடு,
மூன்று கறுப்புப் புள்ளி.
"திருமூர்த்திமலை அடிவாரத்துத் தோட்டமுங்க.
கல்லு வெக்காம பழுத்தது.
அதெல்லாம் பயன்ல வராதுங்களா?"
வரும். ஆறாவது.

செல்போனில் படம் எடுத்தேன்.
புள்ளிகளை அழிக்கச் சொன்னார்.
இரண்டை அழித்தேன்.

பாதி அச்சில் கரண்ட் போனது.
மேல்பாதி மாம்பழம் வெளியே,
கீழ்ப்பாதி மெஷினுக்குள் எங்கோ.
ரியாஸ் மெஷினை ஒரு தட்டு தட்டினான்.
மணமகன் பெயரில் ஒரு எழுத்து விழுங்கிப்போன பேனருக்கு
யார் பொறுப்பு என்பதில்
நானும் அவனும் பேசி ஒன்பது நாள்.

கத்தி இல்லை.
கடைப்படியில் நின்று மூவரும்
நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு
உறிஞ்ச ஆரம்பித்தோம்.
சாறு மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு இறங்கியது.
காங்கேயம் ரோட்டில் லாரிகள் போயின.
செங்கோட்டுவேலு தோலையும் தின்றார்.
"சக்தி பூரா இதுலதானுங்க."
ஏழாவதா என்று கேட்க வாயெடுத்தேன்,
வாய் காலியாக இல்லை.
மை துடைக்கும் துணியில்
அழுக்குப் படாத மூலையாகத் தேடி
என் பக்கம் நீட்டினான் ரியாஸ்.
"போல்டு எழுத்து உன் தப்புதான்" என்றான்.
சரி என்றேன்.

கரண்ட் வந்தது.
விட்ட இடத்திலிருந்து ஓடிய மெஷின்
பழத்தின் குறுக்கே
ஒரு மெல்லிய கோட்டைப் போட்டுவிட்டது.
மறுபடி அடித்தால் நஷ்டம்.
தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.
"இருக்கட்டுமுங்க.
அறுத்து வெச்ச மாதிரி இருக்குது."

பையில் மிஞ்சியதில் ஒன்றை
எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்.
டவுன் பஸ்ஸில் மடியில் அது.
பக்கத்து சீட்டுப் பெண்
இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கதுப்பு இரண்டு.
அம்மாவுக்கு ஒன்று, எட்டரைக்கு ஒன்று.
கொட்டை யாருக்கு என்பதுதான்
அமராவதிப் பாலம் தாண்டியும்
முடிவாகவில்லை.